படத்தின் கீழே என்ன எழுதுவது

என் நானா, எனக்கு மூத்த அண்ணன், கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு பெரிய கமரா கொண்டு வந்தார். இரண்டு கிழமையும் வீட்டிலிருந்த எல்லோரையும், ஆட்டையும், தென்னையையும் படம் எடுத்தார். திரும்பிப் போகும்போது அதை எங்கள் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "பூஞ்சணம் பிடிச்சிரும், இடைக்கிட வெளியில எடுத்து ரெண்டு படம் அடி," என்றார். யுத்தம் முடிந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. நான் கற்பிட்டிப் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். என் கணவர் பேக்கரிக்காரர். விடிவதற்குள் அவருடைய வேலை முடிந்துவிடும். சுபஹு தொழுதுவிட்டு நான் கொம்பியூட்டரைத் திறக்கும் நேரத்தில் அவர் சூடான பாணோடு வீடு வந்து சேர்வார். பிள்ளைகள் இல்லாத வீடு. காலை எட்டு மணி வரைக்கும் நேரம் எங்கள் இருவருக்கும் சொந்தம்.

படங்களை விற்கலாம் என்பது எனக்கு அலுவலகத்தில்தான் தெரிந்தது. மிளகாய்ச் செய்கை பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்க வேண்டியிருந்தது. உடன் வேலை செய்தவர் இணையத்தில் செத்தல் மிளகாய்ப் படம் ஒன்றைத் தேடி எடுத்தார். படத்தின் குறுக்கே மங்கலாக ஏதோ எழுத்து ஓடியது. அது என்ன என்று கேட்டேன்.

"காசு கட்டினா அந்த எழுத்து போயிரும். ஆரோ எடுத்து, விக்கிறதுக்குப் போட்டு வச்சிருக்காங்க," என்றார்.

செத்தல் மிளகாய் எங்கள் ஊரில் பாயிலும் வீதியோரத்திலும் காய்கிறது. அதை ஒருவர் படம் எடுத்து விற்கிறார், முன்பின் தெரியாத இன்னொருவர் வாங்குகிறார் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

படங்களை விற்றுத் தரும் ஓர் இணையத்தளத்துக்கு முதலில் பத்துப் படங்கள் அனுப்பினேன். களப்புத் தண்ணீரின் மேல் சூரியன் இறங்குவது, வள்ளங்கள், காற்றாடிக் கோபுரங்கள், மறுபடியும் சூரியன். பத்தும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரியில் காரணம் இருந்தது. அடிவானம் சரிந்திருக்கிறது. தூசிப் புள்ளி இருக்கிறது. இதைப் போன்ற படங்கள் எங்களிடம் தேவைக்கு மேல் உள்ளன. கடைசிக் காரணத்தை வாசித்துக் காட்டியபோது என் கணவர் பாணைப் பிய்த்துக்கொண்டே, "சூரியன் எல்லா ஊரிலயும் தானே இறங்குது," என்றார்.

அவர் கையிலிருந்த பாணை வாங்கினேன். அலுமாரியிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து யன்னலோரத்துக் கதிரையில் போட்டு, அதன்மேல் பாணை வைத்து எடுத்தேன். அரை றாத்தல் பாண், ஒரு பக்கம் பிய்ந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து யாரோ வாங்கியும்விட்டார்கள். கிடைத்த காசுக்கு அந்தப் பாணையே திரும்ப வாங்க முடியாது. ஆனாலும் என் கணவர் பேக்கரிக்கு வந்தவர்கள் எல்லோரிடமும், "எங்கட பாண் வெளிநாட்டுக்குப் போயிட்டுது," என்று சொல்லித் திரிந்தார். சிலர் அவர் ஏற்றுமதி தொடங்கிவிட்டார் என்றே நம்பினார்கள்.

அதற்குப் பிறகு நான் சூரியனை விட்டுவிட்டேன். சின்ன வெங்காயம், உப்புக் குவியல், துணிக்கொடியில் கிளிப்புகள், ஈரமான கயிறு என்று எடுத்தேன். எடுப்பது அரை வேலைதான். மிச்சத்தைக் கொம்பியூட்டரில் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்துக் காற்றில் மணல் கலந்திருக்கிறது. லென்ஸைக் கழற்றி மாட்டினால் உள்ளே ஒரு துகளாவது போய்விடும். படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாக நகர்த்தி, புள்ளிகளைத் தேடி ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். என் கண்ணுக்குத் தப்புவது என் கணவரின் கண்ணுக்குத் தப்பாது. மாவில் பூச்சி பார்த்துப் பழகிய கண். பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையால் திரையைக் காட்டி, "அந்தா, வெங்காயத்துக்கு மேல ஒண்டு. அதுக்குக் கீழ இன்னொண்டு," என்பார்.

கம்பனிப் பெயர்களையும் அழிக்க வேண்டும். செருப்பிலோ சாக்கிலோ போத்தலிலோ ஒரு பெயர் தெரிந்தால் தளத்தில் படத்தை ஏற்கமாட்டார்கள். நான் ஒரு மாச்சாக்கிலிருந்த எழுத்துகளை, பக்கத்துத் துணியைப் பிரதி எடுத்து மூடிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"இருக்கிறத இல்லயாக்கிற. இது பொய் இல்லயா?"

"புள்ளிய அழிச்சா மட்டும் பொய் இல்லயா?"

"புள்ளி வெங்காயத்துல இல்லையே. கமராவுலதானே. சாக்குல பேர் இருக்குத்தானே."

நான் மிச்ச எழுத்துகளையும் மூடினேன். அவரே சாக்கின் ஓரத்தில் நான் தவறவிட்ட ஓர் எழுத்தைக் காட்டித் தந்தார்.

நான் வேலைக்குப் போகும் பஸ் மாம்புரியைக் கடந்து போகும். வீதியிலிருந்து கடல் பக்கம் கொஞ்சம் உள்ளே போனால் ஒரு கருவாட்டு வாடி. வலை விரித்து மீன் காயப்போடும் ஐந்தாறு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். ஒரு சனிக்கிழமை கமராவோடு அங்கே போனேன். வெட்டிப் பரப்பிய கட்டா மீனை எடுக்கத்தான் போனேன். எடுத்துக்கொண்டிருந்தபோது, காய்ந்த நெத்தலியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலிருந்தவள் ஏதோ பகிடி சொன்னாள். அந்தப் பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் துவாயைச் சுற்றியிருந்தாள், காதில் சின்னத் தோடு, கை நிறைய நெத்தலி. என் விரல் தானாகவே அமர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது அப்படி ஒரு படத்தை நான் அதற்கு முன் எடுத்திருக்கவில்லை என்று தெரிந்தது. என் கணவர் புள்ளி தேட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முகம் தெரியும் படத்துக்கு அந்த ஆளின் கையெழுத்து வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சம்மதப் பத்திரம் இருக்கிறது. அதற்கு முன்பே படத்துக்குத் தலைப்பும் குறிச்சொற்களும் போட்டு வைத்தேன். குறிச்சொல் என்பது, வாங்க வருகிறவர் எந்தச் சொல்லைத் தட்டித் தேடினால் நம் படம் அவர் கண்ணில் படும் என்பது. தளமே சில சொற்களை எடுத்துத் தரும். என் படத்தைப் பார்த்துவிட்டு அது தந்த சொற்களில் மீன், பெண், ஆசியா என்பவற்றோடு வறுமை, ஏழை, அகதி என்பவையும் இருந்தன. இப்படியான சொற்களைத் தேடுகிறவர்கள் அதிகம் என்று எங்கோ வாசித்திருந்தேன். அந்த மூன்றையும் நீக்காமல் அப்படியே இருக்க விட்டேன். இதை மறைக்க வேண்டியதில்லை.

பத்திரத்தைத் தமிழில் கையால் எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வாடிக்குப் போனேன். அந்தப் பெண் கைகழுவிவிட்டு வந்து, கவிழ்த்த மீன்பெட்டி ஒன்றில் என்னை இருத்தினாள். கமராவின் சின்னத் திரையில் படத்தைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ர பல்லு இவ்வளவு தெரியுதே மிஸ்," என்றாள். பிறகு, "இத என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டாள்.

சொன்னேன். உலகத்தில் யாரும் வாங்கலாம், எதிலும் போடலாம், யார் என்று எனக்கே தெரியாது, கிடைத்தால் கொஞ்சக் காசு கிடைக்கும், அதில் பாதி உங்களுக்கு என்றேன். எழுதிக்கொண்டு போனதை வரிவரியாக வாசித்தேன். 

"மிஸ், நாங்கள் சண்டைக்க மன்னார்ப் பக்கத்தால வந்து கேம்பில இருந்தனாங்கள். எத்தினை பேர் வந்து படம் எடுத்தவை தெரியுமே? சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கேக்க எடுப்பினம். குளிச்சிட்டு வரேக்க எடுப்பினம். ஒருத்தரும் இப்பிடிப் பேப்பர் கொண்டு வந்து கேக்கேல்ல."

எனக்கு என் உம்மாவின் ஞாபகம் வந்தது. தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நாங்களும் மன்னாரிலிருந்து வந்தவர்கள்தான். கரைத்தீவில் கிடுகுக் கொட்டிலில் இருந்தபோது யாரோ ஒருவர் உம்மாவைப் படம் எடுத்தார். உம்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார். அந்தப் படம் எங்கே போனது, அதன் கீழே என்ன எழுதினார்கள் என்பது இன்றுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. இதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு விளங்கும்," என்றாள். பேனையை வாங்கினாள். ஆனால் உடனே கையெழுத்து வைக்கவில்லை. "ஒண்டு சொல்லுறன். ஏழை எண்டு மட்டும் போடாதேங்கோ. அகதி எண்டும் வேண்டாம். அது அப்ப. இப்ப நான் வேலை செய்து உழைக்கிறன்."

என் காது சுட்டது. அந்தச் சொற்கள் ஏற்கனவே என் கொம்பியூட்டரில் அவளுடைய முகத்தோடு சேர்ந்து இருந்தன. "போடமாட்டன்," என்றேன். "அப்ப என்ன போடுறது, நீங்களே சொல்லுங்க."

அவளுக்கு அது பிடித்துப்போனது. மற்றப் பெண்களும் கிட்ட வந்தார்கள். சிரிப்பு என்று போடச் சொன்னாள். நெத்தலி, கடற்கரை, வெயில், வேலை. தோடு. "தோடு தெரியுதுதானே, மகள் முதல் சம்பளத்தில வாங்கித் தந்தது." பகிடி என்று போட ஏலுமா என்று ஒருத்தி கேட்டாள். ஏலும் என்றேன். நான் எல்லாவற்றையும் பத்திரத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். பிறகு அவள் கையெழுத்து வைத்தாள். பக்கத்திலிருந்தவள் சாட்சிக்கு வைத்தாள். காகிதத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த மூன்று சொற்களையும் நீக்கிவிட்டு அவர்கள் சொன்னவற்றை ஆங்கிலத்தில் போட்டேன். படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அது அசையவில்லை. இடைக்கிடை வாடிக்குப் போனால், "இன்னும் ஒருத்தரும் என்னை வாங்கேல்லயோ?" என்று கேட்பாள். இல்லை என்றால், "கண் தெரியாத ஆக்கள்," என்பாள்.

ஒரு காலையில் விற்றிருந்தது. அடுத்த மாதம் இன்னொரு தடவை விற்றது. படத்தைக் கொடுத்து, அது எங்கெங்கே போடப்பட்டிருக்கிறது என்று தேடுகிற வசதி ஒன்று உண்டு. அதில் தேடினேன். ஓரிடத்தில் சமையல் குறிப்பு ஒன்றுக்குப் போட்டிருந்தார்கள். மற்றது ஒரு சஞ்சிகையின் பக்கம். நாங்கள் கேள்விப்பட்டதோடு சரி, போயே அறியாத ஒரு நாட்டின் கரையோரத்தைப் பற்றிய கட்டுரை. பெரிதாக, பக்கத்தின் தலையிலேயே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்ததை மூன்று தடவை வாசித்தேன். அந்த நாட்டின் பெயரைப் போட்டு, பசியோடு வாழும் ஏழை மீனவப் பெண்களில் ஒருவர் என்று எழுதியிருந்தார்கள்.

நான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது என் குறிச்சொல் பட்டியலைத்தான். அந்த மூன்று சொற்களில் ஏதாவது ஒன்றை நீக்காமல் விட்டுவிட்டேனோ என்று பயம். இல்லை. சிரிப்பு, தோடு, பகிடி எல்லாம் அப்படியே இருந்தன. ஊர்ப் பெயரும் நாட்டுப் பெயரும்கூட இருந்தன. அதைக் கண்டு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு, ஆறுதல் அடைந்ததே வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் பஸ் மாம்புரியைக் கடக்கும்போது மற்றப் பக்கத்து யன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன். அவளுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. இணையத்தில் தேடிப் பார்க்கவும் போவதில்லை. சொல்லாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. நாலாம் நாள் காலை என் கணவரிடம் சொன்னேன். அவர் பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து வாங்கப் போகக்குள்ள கால் போச்சுதானே? இப்ப என்ன, கால் வலிக்குதா?"

"அவ கோவிச்சுக்கிட்டா?"

"கோவிக்கட்டுமே. அவட முகம்தானே."

அன்று பின்னேரம் வழியில் இறங்கினேன். சமையல் குறிப்பை முதலில் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவளைக் கண்டதும் நேரே சஞ்சிகையைத் திறந்து ஃபோனைக் கையில் கொடுத்துவிட்டேன். எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். அவள் நாட்டின் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"அங்கயும் கருவாடு போடுறவையோ?"

"போடுவாங்க போல."

"அப்ப அங்கத்தயப் பொம்பிளையள எடுத்துப் போடுறதுதானே. அவையளும் சிரிக்க மாட்டினமே?"

கோபம் என்று சொல்ல முடியாது. ஃபோனை எனக்குத் தராமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அந்தப் படத்தைத் தளத்திலிருந்தே எடுத்துவிடுகிறேன், இனி யாரும் வாங்க முடியாது என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"எடுத்தா மட்டும் இதில எழுதினது போயிருமே? நீங்கள் கந்தோரில கடிதம் எழுதிற ஆள்தானே. எழுதுங்கோ. நான் சொல்லுறன்."

கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதினேன்.

"நான் அந்த நாட்டுக்காரி இல்ல. இலங்கையில மாம்புரியில இருக்கிறன். பிறந்தது மன்னார்ப் பக்கம். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், ரெண்டு பேரும் படிச்சு வேலை பாக்கினம். நான் பன்ரெண்டு வருசமாக் கருவாடு தரம் பிரிக்கிறன். அண்டைக்கு நான் சிரிச்சது எனக்குப் பக்கத்தில இருந்தவள் சொன்ன பகிடிக்கு. பசி கிடந்தா அப்பிடிச் சிரிக்க ஏலாது. எனக்குத் தெரியும், நான் பசி கிடந்தனான். என்ர படத்துக்குக் கீழ இருக்கிறதை மாத்திப்போடுங்கோ."

கடைசியாக, "நன்றி எண்டு போடுங்கோ," என்றாள்.

அதை ஆங்கிலத்தில் ஆக்க எனக்கு இரண்டு காலைகள் பிடித்தன. கந்தோர்க் கடிதங்களில் எனக்குப் பழகிய 'தயவுடன்', 'மேற்படி விடயம்' எல்லாம் இதற்குப் பொருந்தவில்லை. பசியைப் பற்றிய வரியைப் பத்துத் தடவை எழுதி அழித்தேன். என் கணவர் பக்கத்திலிருந்து, "அவ சொன்ன மாதிரியே எழுது, கூட்டாத," என்றார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனாலும் நான் எங்கே கூட்டினேன் என்பது என் முகத்திலேயே தெரிந்துவிடும் போல. கடைசியில் நாலாம் வகுப்புப் பிள்ளை எழுதிய மாதிரி, சின்னச் சின்ன வசனங்களாக எழுதி அனுப்பினேன்.

பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாறு கிழமைக்குப் பிறகு வந்தது. பெண் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரைக்குப் படம் தேர்ந்தது தான்தான் என்றும், அவசரத்தில் நாட்டைக்கூடப் பார்க்காமல் விட்டது தன் பிழை என்றும் எழுதியிருந்தார். கட்டுரையிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்களாம். ஆனால் அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார். கடலோரப் பெண்களின் வேலையைப் பற்றிப் படங்களாலான ஒரு பக்கம் செய்கிறார்கள், அந்தப் பெண் சம்மதித்தால் அதில் போடலாமா, கீழே என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்வாரா?

இதை வாசித்துக் காட்டியபோது வாடியில் மீன் வந்து இறங்கியிருந்த நேரம். எல்லோரும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

"பிழை எண்டு எழுதியிருக்கிறாவே?"

"ஓம். தன்ர பிழை எண்டு எழுதியிருக்கிறா."

"பாவம், அவவுக்கும் வேலை கூடவா இருந்திருக்கும்," என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்ர பேரைப் போடச் சொல்லு பிள்ளை. மாம்புரி எண்டும் போடச் சொல்லு. பக்கத்தில இருந்தவள் பகிடி சொன்னவள் எண்டும் போடட்டும். பகிடி என்னெண்டு கேட்டா மட்டும் சொல்லாத."

மிஸ் எப்போது பிள்ளையானது என்று நான் கவனிக்கவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அந்தப் பக்கம் வெளிவந்தது. அவளுடைய பெயர், ஊர்ப் பெயர், பகிடி எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தன. அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் பெரிதாக ஒரு பிரதி அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவள் வாடியின் கிடுகுச் சுவரில் குத்திவிட்டாள். இரண்டு நாளில் உப்புக்காற்றில் சுருண்டுவிட்டது. நான் கண்ணாடிச் சட்டம் போட்டு இன்னொன்று கொண்டுபோனேன். அது அவள் வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குக் கொஞ்சம் கீழே தொங்கியது. பாதிக் காசைக் கொடுக்கப் போனால் வாங்கமாட்டாள். கருவாடு கட்டித் தருவாள். எங்கள் வீட்டுக் குசினி பல மாதம் நெத்தலி மணத்தது. அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு இனிப்புப் பணிஸ் செய்து என் கையில் கொடுத்துவிடுவார் என் கணவர்.

அதோடு மற்றப் பெண்களுக்கும் ஆசை வந்துவிட்டது. நான் போகும் சனிக்கிழமைகளில் ஒவ்வொருத்தியாக வந்து நிற்பாள். சிலர் முகம் வேண்டாம், கையை மட்டும் எடு என்பார்கள். எடுப்பேன். பத்திரத்தை வாசிப்பேன். பிறகு என்ன சொல் போடுவது என்று பெரிய கதை நடக்கும். ஒருத்தி அழகு என்று போடச் சொன்னாள், மற்றவர்கள் விடவில்லை. கடைசியில் அழகு என்றே போட்டோம். எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி கடைசியாக வந்தாள். ஒரு கையில் கத்தி, மறுகையில் மீன் தலை. சிரிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

"எனக்குக் கோபக்காரி எண்டு போடு," என்றாள்.

போட்டேன். கோபம் என்ற சொல்லைத் தேடுகிறவர்களும் உலகத்தில் ஏராளம் என்று பிறகு தெரிய வந்தது. அந்த வாடியில் எடுத்த படங்களில் அதுதான் இப்போதும் மாதம் தவறாமல் விற்றுக்கொண்டிருக்கிறது.